ஐந்து நாள் மாத்திரை

எங்கள் ஆலைக்கு ஆடிட்டர் வருகிறார் என்றால் முந்தின வாரம் ஸ்டோர் ராக்குகளைத் துடைப்போம். அவர் கிளம்பிய மறுநாளிலிருந்து தூசி தன் இடத்துக்குத் திரும்பி வரலாம். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் ஸ்டோரில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இது ரத்தத்தில் ஊறிப்போனது. பேச்சுக்குச் சொல்லவில்லை. என் ரத்த அழுத்தத்தையும் இதே முறையில்தான் பராமரித்தேன்.

முதலில் சர்க்கரை வந்தது, அடுத்த வருடமே பிரஷர். அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். சர்க்கரை மெல்லிய ரத்தக் குழாய்களை நைந்துபோக வைக்கும், பிரஷர் அவற்றை உள்ளிருந்து இடிக்கும், கண்ணிலும் சிறுநீரகத்திலும் இருப்பவை ரொம்ப மெல்லியவை, அதனால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் தினமும் போட வேண்டும் என்றார். இதையெல்லாம் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்தவன் டாக்டரிடம் எப்படிக் கேட்பானோ அப்படியே தலையாட்டிக் கேட்டுவிட்டு, மாத்திரை அட்டைகளை வீட்டில் பழைய தீபாவளி ஸ்வீட் பெட்டியில் போட்டு மூடினேன். வலிக்காத நோய்க்கு மாத்திரை போடுவது காற்று இறங்காத டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது மாதிரி இருந்தது.

பெட்டி திறப்பது வருடத்துக்கு ஒருமுறை. கேன்டீனில் மருத்துவ முகாம் போடுவார்கள். பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கண்ணுக்கு ஐந்தாறு வரி எழுத்துப் பலகை, பிறகு 'ஃபிட்' என்று ஒரு முத்திரை. முகாமுக்கு ஐந்து நாள் முன்பு மாத்திரையை ஆரம்பிப்பேன், இரண்டு நாள் முன்பு சோற்றை நிறுத்துவேன். எண்கள் கைகட்டி நிற்கும். இந்த ரகசியத்தை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஸ்டோர்காரன், கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதுதானே பிழைப்பு.

கேட்டவர்களில் ஒருவர் எங்கள் கிரேன் ஆபரேட்டர். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம், என்னைவிட ஐந்து வயது சின்னவர். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் நெல்லை அறுத்தவர். அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் இவர்தான், நாற்பது அடி உயரத்தில் என்றாலும். என்னைப் போலவே சர்க்கரையும் பிரஷரும் அவருக்கும் உண்டு. பிரஷர் கூடுதல் என்று எழுதிவிட்டால் கேபினிலிருந்து இறக்கித் தரை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து, பாவம், தினமும் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஏணி ஏறும்போது தலை சுற்றுகிறது, என்ன செய்யலாம் என்றுதான் என்னிடம் வந்தார். டாக்டரிடம் போய்ச் சொல், அளவை மாற்றித் தருவார் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் என் ஐந்து நாள் கணக்கைச் சொன்னேன்.

"டெய்லி போட்டே ஆவணும்னு டாக்டரம்மா சொல்லிச்சேணா."

"டாக்டரம்மாவா ஏணி ஏறுறாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். என் நகைச்சுவைக்கு ஒருவர் முழுதாகக் கீழ்ப்படிந்தது அன்றைக்குத்தான்.

நான்கு முகாம்களில் அவருக்கு நான்கு 'ஃபிட்'. ஐந்தாவது வருடம் என் கவுண்டருக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். எண்ணெய் துடைக்கும் பஞ்சு நூலைக் கைநிறைய வாங்கிப் போவார், மறுநாள் மறுபடி வந்து நிற்பார். "கேபின் கண்ணாடி பேஜாரா கீதுணா. தொட்ச்சிகினே கீறேன், நூலாம்படை போவவே மாட்டேங்குது" என்றார். கேபினுக்குள் சிலந்திப் பண்ணை வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இரண்டு வாரம், தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். நானும் தினமும் புதிதாக ஒரு கிண்டலோடு நூலை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியில் ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம் கம்பிக் கட்டை இறக்க வேண்டிய இடத்துக்கு நான்கடி தள்ளி இறக்கினார். கீழே கை காட்டிக்கொண்டிருந்தவர் துள்ளி விலகியதால் காலோடு தப்பினார். மேலேயிருந்து இறங்கி வந்த ஆபரேட்டர், வலது பக்கம் எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

சென்னையில் கண் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். விழித்திரைப் படத்தை டாக்டர் திரையில் காட்டினார். சல்லி வேர் போன்ற குழாய்கள், அங்கங்கே உடைந்து கசிந்த ரத்தம். எத்தனை வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். ஆபரேட்டர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "அப்பப்ப போடுவேன் சார்" என்றார். நான் சுவரில் இருந்த கண் படத்தை மிகுந்த ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தேன்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணை லேசர் வைத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கிரேன் கிடையாது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஆலைக்குள் தரை வேலையும் கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் நானும் பயத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. போனதை மீட்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஸ்வீட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் காலாவதி. இப்போது புது அட்டை வாங்கித் தினமும் காலையில் போடுகிறேன்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி இரண்டு பேருக்கும் சர்க்கரை போடாத டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். ஆபரேட்டர் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, நடுவில் கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கோடு இருந்தால் பிரஷர், இல்லாவிட்டால் சர்க்கரை. போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார்.

"டெய்லி போட்டிருந்தா கண்ணு நின்னிருக்குமாணா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரியலப்பா."

அவர் இடது கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"தெரியலன்னு நீ சொல்லி இன்னைக்குத்தாண்ணா கேக்கறேன்."