ஏழுமலை காதைப் பொத்திக்கொண்டபோது

பொய் சொன்னேன். நாளும் இறைவன் திருப்பெயரை ஓதும் இந்த வாயால்தான் சொன்னேன்!

ஏழுமலை என் தங்கை மகன். முப்பது வயதைக் கடந்தவன், அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்தவன், பேச்சு வராது. தகப்பன் இறந்தபின் தாயும் மகனும் ஜவ்வாது மலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

விடியலில் கைத்தாளம் தட்டிப் பதிகம் பாடுவது என் வழக்கம். அப்போதெல்லாம் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான்; கண்ணீர் வழியும். நெக்குருகி அழுகிறான் என்றே நம்பினேன். இத்தனை ஓதியும் எனக்குக் கிட்டாத உருக்கம் இவனுக்கு வாய்த்ததே என்று பொறாமைகூடப் பட்டேன்… பாடி முடித்த சற்று நேரத்தில் எதிர்ப்பட்டவரை அடிப்பான். பெரும்பாலும் பெற்றவளை.

ஒருமுறை காய்ச்சலில் என் தொண்டை கட்டிக்கொண்டது. பாட்டில்லை, தாளமில்லை. அந்நாள்களில் அவன் யாரையும் அடிக்கவில்லை. சாமைச் சோற்றை அமைதியாக உண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், குரல் திரும்பியதும் தாளத்தை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? இறைவன் புகழைப் பாடும் ஓசை ஓர் உயிரை வதைக்குமா? வதைக்கும் என்றால், இத்தனை காலம் நான் பாடியது யாருக்கு?

அதே வாரம் ஏழுமலை தள்ளியதில் தங்கையின் மணிக்கட்டு முறிந்தது. இவனைப் போன்றோரை வீடுதேடிப் பார்த்துப்போகத் திருப்பத்தூரிலிருந்து வரும் பெண் என்னிடம் விசாரித்தாள்.

"அடிக்கறதுக்கு முன்னால இன்னா நடக்குதுங்க ஐயா? எதுனா சத்தம், பசி, புது ஆளுங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் குந்தினு இருப்பான். திடீர்னு எழுந்து அடிப்பான்."

கட்டுப் போட்ட கையோடு தங்கை என்னையே பார்த்தாள். என் கூரையின் கீழ் இருப்பவள் என்ன சொல்வாள்!

அவள் கொண்டுபோன என் சொல்லை நம்பி மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். இப்போது ஏழுமலை அடிப்பதில்லை. வாயோரம் எச்சில் வழிய, சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடக்கிறான். நான் பாடுகிறேன்.

"இன்னா பெரியவரே, பாட்டாலயே பையன அடக்கிட்டீங்களே! எம் பொண்டாட்டிக்கும் ரெண்டு பாட்டு பாடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுக்கவில்லை!

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அடிச்சாலும் பரவால்லண்ணா. அப்புறம் எம் மூஞ்சியப் பாத்து சிரிப்பான். இப்ப பாக்கறதே இல்ல."

அந்தப் பெண் நாளை மறுபடியும் வருகிறாள். முன்பின் அறியாத உங்களிடம் சொல்ல முடிந்ததை அவளிடம் சொல்வேனா? தெரியவில்லை…

இன்று விடியலில் ஏழுமலை தள்ளாடி எழுந்தான். மாடத்திலிருந்த தாளத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தான்.

தட்டு என்கிறானா? தூக்கி எறி என்கிறானா?

அவன் முகத்தில் விடை தேடினேன். நான் சொன்ன பொய்யால் கூடிய மருந்து அந்த முகத்தில் எதையும் விட்டுவைத்திருக்கவில்லை.