இரண்டு மணியில் நின்ற பேலன்ஸ்

1. பழுது தீர்ந்த செட்டுக்கு வந்த புகார்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் முப்பது வருஷமாகப் பழைய ஹை-ஃபை செட்டுகளைப் பழுது பார்க்கிறேன். வேலை சரியில்லை என்று திரும்பி வந்தவை உண்டு. எண்ணிக்கையைச் சொல்வதாக இல்லை. வேலை மிகச் சரியாக இருந்ததால் புகார் வந்தது ஒரே ஒரு தடவைதான்.

"தம்பி, செட்டு நல்லாத்தான் பாடுது. ஆனா அவரு செட்டு மாதிரி இல்ல," என்று போனில் சொன்னார் கிள்ளான் சரோஜா அக்கா.

'அவரு' என்றால் அவருடைய கணவர் மாணிக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் இறந்துவிட்டார். அதன் பிறகு அக்கா அந்த செட்டைப் போட்டபோது வலது சேனல் விட்டுவிட்டுப் பாடியது, இடது வலது ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸ் குமிழைத் தொட்டால் கரகரத்தது, பின்னால் ஓயாத 'ஹம்' முனகல் வேறு. மகன் காரில் வைத்து என்னிடம் கொண்டுவந்து இறக்கினார்.

எழுபதுகளின் ஜப்பான் ப்ரீஆம்ப் அது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் துளி சிக்னலை வளர்த்து, சீர்செய்து, பவர் ஆம்பிளிஃபையருக்கு அனுப்பும் பெட்டி. வெள்ளி முகப்பு, இரண்டு டேப் மானிட்டர், விரலுக்குக் கனமாகப் பதில் சொல்லும் குமிழ்கள். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் ஒரே தட்டில் விலக்கிவைக்கும் 'டோன் டிஃபீட்' சுவிட்சும் உண்டு. மாணிக்கம் அதைத் தட்டியே வைத்திருந்தார். ரசனை தெரிந்தவர் என்று மனதுக்குள் ஒரு மார்க் போட்டேன்.

கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். தேய்ந்துபோன பேலன்ஸ் கன்ட்ரோலைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டேன். ஃபோனோ ஸ்டேஜில் ஹம் இல்லை, இரைச்சல் இல்லை. வால்யூமை முழுக்கத் திறந்தால்கூட எங்கோ தூரத்தில் மழை பெய்கிற அளவுதான். இரண்டு சேனலும் மீட்டரில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. பிறகு எங்கள் தொழில் வழக்கப்படி வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மற்ற குமிழ்களையெல்லாம் கடிகார முள் மாதிரி நேர் மேலே, பன்னிரண்டு மணிக்குத் திருப்பி, துடைத்துக் கொடுத்தேன். சலவைக்குப் போன சட்டைக்குப் பட்டன் போட்டுத் தருகிற மாதிரி ஒரு மரியாதை அது.

2. சோபாவின் நடு

ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர், எதிரே சோபா. சோபாவின் நடுவில் உட்கார்ந்து இசைத்தட்டைப் போடச் சொன்னேன். பாடகி மிகச் சரியாக என் மூக்குக்கு நேரே நின்று பாடினார்.

ஸ்டீரியோவுக்கு ஒரு நடு உண்டு, அங்கே உட்காராதவர்களுக்கு இசை கிடையாது என்பது என் கொள்கை. என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஒரு பக்கந்தாங்க கேக்குது," என்பாள். "நடுவுல வந்து உக்காரு," என்பேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது இந்த உபதேசத்துக்கு என்ன மதிப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

"பாட்டு ஒரு பக்கமா சாயுது தம்பி," என்றார் அக்கா. இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஜன்னலோரத் தையல் மெஷினில் இருந்தார். ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்.

மீட்டரைக் காட்டினேன். சேனல் வித்தியாசம் காதால் கண்டுபிடிக்கவே முடியாத அளவு என்று விளக்கினேன்.

"மீட்டருக்கு என்னலா தெரியும்? அதுவா இந்த வீட்டுல இருந்துச்சு?"

இதற்கு என்னிடம் டேட்டா ஷீட் இல்லை. குமிழ்கள் முன்பு எப்படி நின்றன என்று கேட்டேன். தெரியாதாம். செட்டை அவர் தொடவே விடமாட்டாராம், துடைத்தால்கூடத் திட்டுவாராம். ஒரு நாளாவது 'உனக்கு என்ன பாட்டு வேணும்' என்று கேட்டதில்லையாம். அவருக்குக் காது ஏதும் மந்தமா என்று மெதுவாகக் கேட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டே தான் முணுமுணுப்பது அத்தனையும் சோபாவில் உட்கார்ந்தபடி கேட்கும் காது என்றார்.

பிறகு ஊசியைத் தூக்கிவைத்தார்.

"ஒரு வருஷமா காத்திருந்தேன் தம்பி, அவரு இருக்கறப்ப மாதிரி வீட்டுல ஒருவாட்டி கேக்கணும்னு. இப்பிடிக் கேக்குறதுக்குக் கேக்காமயே இருக்கலாம். சரி வரலன்னா நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

3. பிஸ்கட் டின்

கழற்றிய பாகங்களை நான் எறிவதில்லை. பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பேன். மனைவி வீட்டில் இருந்தவரை அதைக் குப்பை என்றாள். இப்போது எதிர்ப்பே இல்லாமல் டின்கள் பெருகிவிட்டன.

அக்காவின் பழைய பேலன்ஸ் கன்ட்ரோலைத் தேடி எடுத்து, மூடியின் காதுகளை நிமிர்த்தித் திறந்தேன். உள்ளே ஒரு கார்பன் பாதை, அதன் மேல் நகரும் ஒரு சின்ன உலோக நாக்கு. பாதை முழுக்க மங்கிக் கிடந்தது. ஓரிடத்தில் மட்டும், நாக்கு வருஷக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்த பள்ளம், ஊசிமுனை அளவு பளபளத்தது. குமிழைப் பொருத்திப் பார்த்தேன். பன்னிரண்டு மணி அல்ல. வலது பக்கம், இரண்டு மணி.

மறுபடி கொமுட்டர், மறுபடி கிள்ளான், மறுபடி சோபாவின் நடு. குமிழை இரண்டு மணிக்குத் திருப்பி உட்கார்ந்தேன். அபத்தமாக இருந்தது. பாடகி வலது சுவரோடு ஒட்டிக்கொண்டார். மாணிக்கத்துக்குப் போட்ட மார்க்கைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தேன்.

தையல் மெஷின் நின்றுவிட்டது.

"இதுதான் தம்பி," என்றார் அக்கா.

எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். பக்கத்திலிருந்த இடது ஸ்பீக்கர் அடங்கி, தூரத்து வலது ஸ்பீக்கர் எழுந்து, இரண்டும் சமமாகிப் பாடகி தையல் மெஷினுக்கு நேர் எதிரே வந்து நின்றிருந்தார். சோபாவில் உட்கார்ந்து அத்தனை வருஷம் அந்த மனிதர் கோணலாகவே கேட்டிருக்கிறார்.

"அக்கா, இது சோபாவுக்கு வச்சதில்ல. நீங்க உக்கார்ற இடத்துக்கு வச்சது."

அவர் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் வைத்து நீவினார். இசைத்தட்டின் அந்தப் பக்கம் ஓடி முடிந்தது.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார். என்னிடம் அல்ல.

இப்போதெல்லாம் எந்தச் செட் வந்தாலும் தொடுவதற்கு முன் முகப்பைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் அதைக் காட்டாது.

என் மனைவி ஆறு வருஷமாக ஜொகூரில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். என் ப்ரீஆம்ப்பில் பேலன்ஸ் அன்றும் இன்றும் பன்னிரண்டு மணிதான். கிள்ளானிலிருந்து திரும்பிய அன்று அதைப் போட்டுவிட்டு, முதல்முறையாகச் சமையலறை வாசலில் போய் நின்று பார்த்தேன்.

ஒரு பக்கம்தான் கேட்கிறது.