எட்டுப் பல்சக்கரமும் ஆயுத பூஜைச் சந்தனமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டபோது இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்கா. இல்லாதவர் அப்பா. அவர் கத்தாரில் டிரெய்லர் ஓட்டுகிறார். ஊருக்கு வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இந்தப் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. வருவாரா மாட்டாரா என்பது அன்றைக்கு என் சைக்கிள் கியரில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அக்காவை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவள் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டாள். நான் டிப்ளமோ வரை போய், இப்போது இலுப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் சைக்கிள். வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. ரோடு சைக்கிள்களில் இந்த கியர் செட் கீழ்ப்படி, ஆரம்ப மாடல். இதற்கு மேலே ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறிப் போய், கடைசியில் பேட்டரியில் கியர் மாறுவது வரை இருக்கிறது. ஆரம்ப மாடல் போதுமா, போதாதா என்று இணையத்தில் நடக்கும் சண்டைகளை எல்லாம் நான் படித்திருக்கிறேன். ஒரு வருடம் ஓட்டியவரை எனக்குப் போதும் என்றுதான் பட்டது.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது மாறிப்போனது.

ஞாயிறுதோறும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓட்டுவோம். அன்றைக்குக் குடுமியான்மலை. எங்களுக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துக்காரர்; சென்னையிலிருந்து வார இறுதியில் வருவார். நல்ல மனிதர். அவர் சைக்கிளின் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு மனை வாங்கலாம். கிளம்பியதிலிருந்தே என் கியர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சின்னப் பல்லுக்கு இறங்கு என்று லிவரைத் தட்டினால் சங்கிலி அசையாது. இன்னொரு தடவை தட்டினால் இரண்டு பல் தாண்டிப் போய் விழும். பெடலை மிதித்தால் வெறும் காற்றை மிதித்தது போல் நழுவும். நான் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் இரண்டாவது டீயில் இருந்தார்கள்.

"கடகடன்னு சத்தம் கேட்டுச்சா, மினி பஸ்ஸு வருதுன்னு நாங்க ஒதுங்கி நின்னோம்" என்றார் ஒருவர்.

"டிக்கெட் குடுத்தியா தம்பி?" என்றார் இன்னொருவர்.

தலைவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஆரம்ப மாடல்ல இவ்வளவுதாங்க வரும். செட்ட மாத்திருங்க. பதினெட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். அவர் அக்கறையாகச் சொன்னதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அன்று சாயங்காலம் அப்பா வீடியோ காலில் வந்தார். முகம் ஏன் தொங்கியிருக்கிறது என்று கேட்டார். நான் பணம் கேட்கவில்லை. விலையை மட்டும் சொன்னேன்.

"அவ்வளவுதானா? அடுத்த வாரம் அனுப்பிவிடுறேன்."

"ஏதுப்பா ஒங்ககிட்ட?"

"டிக்கெட்டுக்கு எடுத்து வச்சது இருக்கு. பொங்கல் அடுத்த வருசமும் வரும்ல. படிச்ச புள்ள, நாலு பேரு முன்னாடி கொறஞ்சு நிக்கக்கூடாது."

வேண்டாம் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரங்கள் மிகவும் சத்தம் போட்டன.

அக்காவுக்கு அம்மா சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு விடிந்ததும் வந்து நின்றாள்.

"ஏன்டா, அப்பாவ விட ஒனக்கு கியரு பெருசா?"

"நான் கேக்கலக்கா. அவராத்தான்…"

"அவரு குடுப்பாரு. நீ வாங்கிருவியா?" சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "எப்பயிருந்து இப்படி?"

"ஒரு வாரம், பத்து நாளா."

"ஒரு வருசம் ஒழுங்கா ஓடுனது பத்து நாள்ல ஆரம்ப மாடலா ஆயிருச்சாக்கும்? தையல் விட்டு விட்டு விழுந்தா நான் மெஷினயா மாத்துறேன்? நூலக் கழட்டி மறுபடி கோப்பேன். இதுல நூலு எதுடா?"

நான் குனிந்து பார்த்தேன். கியர் லிவரிலிருந்து பின் சக்கரம் வரை ஓடுவது ஒரே ஒரு மெல்லிய கம்பி. லிவர் அதை இழுக்கும். விட்டால் பின்னால் உள்ள ஸ்பிரிங் திரும்ப இழுத்துக்கொள்ளும். கம்பி ஓர் இடத்தில் உரசினாலும் ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. படித்த அத்தனை பக்கத்திலும் இது இருந்தது. நான்தான் எந்த மாடல் பெரிது என்பதையே படித்துக்கொண்டிருந்தேன்.

கம்பியைக் கழற்றி உறையிலிருந்து உருவினேன். மஞ்சளாக வந்தது. மூன்று இடத்தில் மண்ணும் மஞ்சளும் சேர்ந்து மெழுகுபோல் இறுகியிருந்தது. அக்கா விரலில் தேய்த்து மூக்குக்குக் கொண்டு போனாள்.

"டேய், சந்தனம்டா!"

இருவரும் அம்மாவைப் பார்த்தோம்.

"என்னய ஏன் பாக்குறிய? பூசைக்குத்தான வச்சேன்" என்றாள் அம்மா. "லாரி ஓட்டுன காலத்துல ஒங்கப்பா என்ன சொல்லுவாரு? எங்கெங்க கிரீசு வைக்கிறமோ, அங்கெங்க பொட்டு வைக்கணும்பாரு. இதுல கம்பி உள்ள போற எடமெல்லாம் பாத்துப் பாத்து வச்சேன். பன்னீரு ஊத்திக் கொழச்சு வச்சேன்டா."

அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து போனது. "சாமிக்கு வச்சது சைக்கிளு வயித்துக்குள்ள போயிருச்சுத்தா!"

அம்மா சிரிக்கவில்லை. "என் பொட்டாலதான் அவரு வராமப் போகப் பாத்தாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். விலையுயர்ந்த சைக்கிளில் கம்பியெல்லாம் சட்டத்துக்குள்ளேயே ஓடும், பொட்டு வைக்க இடமே இருக்காது, இது ஆரம்ப மாடலின் குற்றம்தான் என்று சொல்லி அவளைத் தேற்றினேன். அந்த ஒரு குறைதான் அன்றைக்கு அதில் எனக்குக் கிடைத்தது.

இலுப்பூரில் சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிளுக்குப் போடும் அதே கம்பிதான், அதே உறைதான், பொருந்தும் என்றார். வாங்கி வந்து மாட்டினேன், பொருந்தியது. அக்கா தன் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டாள். பிறகு அவள் கையால் பெடலைச் சுற்ற, நான் லிவரைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் சங்கிலி 'டிக்' என்று ஒரு பல் நகர்ந்தது. அம்மா உட்கார்ந்து எண்ணினாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு… எட்டு வந்ததும், "இன்னொருக்கா போடு" என்றாள்.

அப்பாவுக்குக் கூப்பிட்டேன். "பணம் அனுப்ப வேணாம்ப்பா. கியரு நல்லாருக்கு."

"எனக்காகச் சொல்றியா?"

போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து எட்டையும் மாற்றிக் காட்டினேன். முப்பது வருடம் சத்தத்தைக் கேட்டே கியர் போட்டவர். "சத்தம் சுத்தமாத்தான் இருக்கு. இருந்தாலும் பாரத்தோட ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு."

அடுத்த ஞாயிறு கொடும்பாளூர். வழியெல்லாம் எதிர்க்காற்று. உள்ளதைச் சொல்ல வேண்டும்: எட்டில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடுதல். எதிர்க்காற்றில் ஒன்று இலேசாக இருந்தது, அடுத்தது இறுக்கமாக இருந்தது. நடுவில் ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று கால் கேட்டது. லிவரையும் கொஞ்சம் தூரம் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் தட்டிய ஒரு முறைகூட அது ஏமாற்றவில்லை. அங்குள்ள மூவர் கோவிலுக்கு நான்தான் இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தேன்.

தலைவர் ஒரு சுற்று என் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். "அருமையா விழுதே. என்ன செட்டு போட்டீங்க தம்பி?"

"அதே செட்டுதான் சார். சந்தனத்த மட்டும் எடுத்துட்டோம்."

முழுக் கதையையும் சொன்னேன். மினி பஸ் என்று கேலி செய்தவர்தான் முதலில் கை தட்டினார். "எங்க அக்கா தையல்காரங்க" என்று நான் இரண்டு முறை சொன்னதாக நினைவு.

அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். "பாரத்தோட ஓட்டிட்டேன்ப்பா."

"நழுவுச்சா?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்பச் சரி. டிக்கெட்டப் போட்டுர்றேன்" என்றார். பிறகு, "ஆமா, கடைசியா எவ்வளவுதான்டா ஆச்சு?" என்று கேட்டார்.

கம்பியும் உறையும் சேர்த்து நூற்று எழுபது ரூபாய்.