மஞ்சள் பையில் மூன்று பீஸ் கட்டைகள்

பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் காட்டில் எங்களுக்குப் பாதிக் கிணறு இருந்தது. மீதிப் பாதி என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவர்; நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் இறந்து சில வருடங்களாகின்றன. பாகம் பிரித்தபோது கிணறு இருக்கும் இடம் அவர்கள் பங்கில் விழுந்தது. தண்ணீர் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்களுக்கு என்று பெரியவர்கள் வாயால் சொன்னார்கள், பத்திரத்தில் எழுதவில்லை. அன்றைக்கே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. எனக்கு எதற்குத்தான் பயம் வராது? காய்கிற துணியைப் பார்த்து மழைக்குக் கவலைப்படுகிற பிறவி நான்.

முறை மாறுவதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மோட்டார் கொட்டகையில் மூன்று பீஸ் கட்டைகள் இருக்கும். அவற்றைப் பிடுங்கிவிட்டால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. முறை முடிந்தவர் மூன்றையும் பிடுங்கி, ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு, அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனால் சும்மா திரும்ப முடியுமா? ஒரு டம்ளர் டீ, யார் வீட்டு மாடு கன்று போட்டது, வெங்காயத் திருகல் நோய்க்கு என்ன மருந்து அடித்தாய் என்று அரை மணி நேரம் ஓடிவிடும். பல வருடங்களாக அந்தப் பை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தது.

பாடாலூர் ரோட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் ஊருக்குள் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் அவர். விற்க வேண்டாம், குத்தகைக்குக் கொடுத்தால் போதும், ஒரு தலைமுறைக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வாசல் வாசலாகச் சொன்னார். ஊர் இரண்டாகப் பிளந்தது. டீக்கடையில் சர்க்கரை போடுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடும்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரம் ஒருமுறை வருவார். அந்தக் கார் அக்கா வீட்டு வாசலிலும் நிற்கிறது என்று அவரிடம் புலம்பினேன்.

"அங்க கல்லுக்குக் குடுத்த நெலத்தப் பாத்தியா? பனமரம் முழுகுற பள்ளம். இந்த சோலார்க்காரன் மேலதான நடுறான். பள்ளம் தோண்டலல்ல?" என்றார்.

"நம்ம கெணறு அவுங்க நெலத்துல இருக்குங்க."

"அண்ணி அப்புடியெல்லாம் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆண்களுக்குத் தூக்கம் எப்படித்தான் வருகிறதோ! அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் தீராத பொறாமை.

கிராம சபைக் கூட்டத்தில் பேச்சு வெடித்தது. ஆடு மேய்ப்பவர்கள் மேய்ச்சல் போய்விடும் என்றார்கள். தரிசாகக் கிடப்பதைக் கொடுத்தால் என்ன தப்பு என்றார் ஒருவர். என் வெங்காயத்துக்குக் களையெடுக்க வரும் பெண் எழுந்து நின்றாள். "நெலம் இருக்கவங்க குத்தகைய வாங்கிட்டு ஒக்காந்துக்குவீங்க. எங்களுக்கு எந்தக் கண்ணாடி வந்து கூலி குடுக்கும்?" என்று கேட்டாள். அந்தத் தைரியத்தில் நானும் எழுந்தேன். கிணறு இருக்கிற நிலத்தைக் கொடுக்கிறவர்கள் பக்கத்துக் காட்டுக்காரன் குடும்பத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றேன். பேர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா தரையில் கையூன்றி மெதுவாக எழுந்தார்.

"எம்மவன் சென்னைல இருக்கான். காட்டுல ஒத்தையா நான் நிக்கிறேன். குனிஞ்சா நிமுர முடியல, நிமுந்தா குனிய முடியல. இங்க பேசுறவங்க யாராச்சும் எனக்கு முட்டி மாத்திக் குடுப்பீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. நியாயமாக இருந்ததால்தான் பயம் இன்னும் கூடியது.

அன்றிலிருந்து பை கைக்கு வரவில்லை. என் முறையன்று விடியற்காலையில் எங்கள் கேட்டில் தொங்கும். நானும் அவர் கேட்டில் மாட்டிவிட்டு நாய் குரைப்பதற்குள் திரும்பிவிடுவேன். டீயும் இல்லை, மாட்டுக் கதையும் இல்லை.

இதற்கு நடுவில் மீட்டர் பேச்சு கிளம்பியது. வீடுகளுக்குப் புது ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது, அப்புறம் காட்டு மோட்டாருக்கும் மாட்டுவார்கள், இலவசக் கரண்ட் அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்ல, அதெல்லாம் கணக்கு எடுக்கத்தான், பில் வராது என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "ஆபீஸ்ல ஒக்காந்த எடத்துலேருந்தே கரண்ட நிறுத்திப்புடலாமாம்" என்று கடையில் ஒருவர் சொன்னது மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. அதுவரை எங்கள் கிணற்றுக் கரண்ட்டை நிறுத்தவும் விடவும் முடிந்தவர்கள் மஞ்சள் பை வைத்திருந்த இரண்டு பெண்கள்தான். போதாததற்கு, கனெக்‌ஷன் இன்னும் இறந்துபோன மாமனார் பேரில் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் அக்கா பேசிக்கொள்வார் என்று இருந்தேன். இனி யார் பேசுவார்கள்?

வெங்காயம் காய் பிடிக்கிற சமயம். இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடும். ஒருநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனவள் அப்படியே நின்றேன். கேட்டில் பை தொங்கியது. முந்தின நாள்தான் என் முறை முடிந்து அவர் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். இன்று அவருடைய முறை. அவருடைய பை என் கேட்டில் எதற்குத் தொங்குகிறது?

தன் முறைத் தண்ணீரையும் எனக்கு விட்டுக்கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே! என் புத்தி வேறு கணக்குப் போட்டது. தண்ணீர் வேண்டாம் என்றால் வெள்ளாமை வேண்டாம் என்று அர்த்தம். வெள்ளாமை வேண்டாம் என்றால் நிலம் கைமாறுகிறது என்று அர்த்தம். வாளியைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது.

"மவன் வந்திருக்கான். ரெண்டு பேரும் மொத பஸ்ஸுக்கே பெரம்பலூரு போயிட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

காட்டுக்குப் போனேன். கட்டையைச் சொருகி மோட்டாரைப் போட்டேன். அவருடைய முறையில் என் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை, நிறுத்தவும் மனம் வரவில்லை. அடுத்த வாரம் இந்தத் தண்ணீர் இருக்குமா? இல்லையென்றால் போர் போட வேண்டும், அதில் தண்ணீர் வருமோ புழுதி வருமோ, புது கனெக்‌ஷன் எத்தனை வருடம் கழித்துக் கிடைக்குமோ. மடை மடையாக மாற்றினேன், கவலையும் கூடவே மாறிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் நிமிர்ந்து பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வரப்பில் நொண்டி நொண்டி வந்தார். நல்ல சேலையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். நான் மண்வெட்டியை விடவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சாக்கா?"

"போட்டுட்டேம்மா."

கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை. அவரே சொன்னார்.

"கெணத்தயும் வண்டிப்பாதையையும் உட்டுட்டுத்தான் குடுத்துருக்கேன். அது முடியாதுன்னுதான் அந்தாளு இழுத்தாரு. நாலு தடவ கார திருப்பி அனுப்பிச்சேன். கெணத்த ஒன் வூட்டுக்காரரு பேருக்கு எழுதிக் குடுத்துடுறேன். வர்ற மொத முகூர்த்தத்துல வரச் சொல்லு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா. நான் எப்புடித் தவிச்சேன் தெரியுமா?"

"சபையில வச்சுக் கேட்டியே, அப்ப நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. வெங்காயத்தாளைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் எறங்கியிருக்கு" என்றார்.

சொன்னபடியே கிணற்றை எழுதிக் கொடுத்தார். அத்தோடு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கம்பி வேலி வந்தது. இரும்புக் கால்களை அடிக்கிற சத்தத்தில் ஒரு மாதம் காது இரைந்தது. எங்கள் பாதை வேலிக்கும் வேலிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. பேனல் சூட்டில் பயிர் கருகுமோ, எந்த முகூர்த்தத்தில் மீட்டர்காரர்கள் வந்து நிற்பார்களோ என்று புதுக்கவலைகள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. பை மட்டும் வீட்டு ஆணியில் தொங்கியது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. எல்லா நாளும் என் முறைதான்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் தண்ணீர் பாய்ச்சச் சொல்லி அக்காவுக்குப் பையைக் கொடுத்தனுப்பினேன். அக்கா மறுபேச்சுப் பேசாமல் காட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்த முட்டியோடு வழுக்கி விழுந்துவிட்டால்? துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாதி வழியிலேயே சோலார் வாட்ச்மேன் கத்துவது கேட்டது. "யாரும்மா அது? தண்ணி பூரா உள்ள வருது, நிறுத்துங்க!"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்து மடை அடைபட்டிருந்தது. பழைய வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வேலிக்கு அடியில் புகுந்து, இரும்புக் கால்களைச் சுற்றி, முன்பு அக்கா பருத்தி போட்டிருந்த இடமெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. பழைய நாள் மாதிரி அவர் தன் பக்கத்துக்கு மடையைத் திறந்துவிட்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்து நின்றார்.

"அக்கா" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். மண்வெட்டியை என் பக்கம் நீட்டினார்.

"நீயே அடச்சுடும்மா. எனக்குக் கை வரல."