பொதுச்சுவரில் நான்கு போல்ட்

கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவனுக்கு முதல் தலைவலி மேசைதான். வேப்பங்கால்களில் கனத்த வாகைப் பலகையைப் போட்டு, பாளையம்பட்டி ஆசாரி ஒருவரிடம் செய்து வாங்கியிருந்தேன். தூக்கி வைக்கவே நான்கு ஆள் தேவைப்பட்டது. அப்படியும் அதன்மேல் பலகையை இறுக்கி வைத்து இழைப்புளியை ஓட்டினால், டைல்ஸ் தரையில் மேசை சாண் சாணாக நகர்ந்தது. சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினால் ஒழிய வேலைக்கு ஆகாது.

எந்தச் சுவர் என்பதில்தான் வினை. மேற்குச் சுவர் பங்குனியிலேயே தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். எங்கள் ஊர்க் காற்றுக்கு, வெயில் ஏறிய சுவரருகே மெல்லிய பலகை ஒரு வாரம் இருந்தால் போதும், வெடித்துவிடும். தெற்கே சன்னல், கிழக்கே வாசல். மிச்சமிருந்தது வடக்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு.

அப்பா கட்டிய வீட்டை எங்கள் இருவருக்கும் பிரித்தபோது கூடத்தின் நடுவே எழுப்பிய பொதுச்சுவர் அது. தன்னைக் கேட்காமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அண்ணன் அன்றே கொத்தனாரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டுவிட்டால் போயிற்று என்பீர்கள். கேட்பதற்குப் பேச வேண்டும். நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு நின்றதற்குக் காரணம் என் வாய். பாகம் பிரிக்க வந்த நான்கு பெரியவர்கள் முன்னால், வாசல் பக்கம் யாருக்கு என்ற வாக்குவாதத்தில், "அம்மா படுத்த படுக்கையாக் கெடந்த ஆறு மாசமும் இவுக எட்டிக்கூடப் பாக்கல" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் அப்போது அருப்புக்கோட்டையில் குடியிருந்தார். தினமும் மத்தியானம் வத்தல் கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறி வந்து, அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார். அந்த நேரம் நான் திருச்சுழியில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். கண்ணால் பார்க்கவில்லையே தவிர, என் மனைவி சாயங்காலம் சாயங்காலம் சொல்லித் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அண்ணன் அப்படியே எழுந்து போனார்.

அவர்கள் குடும்பத்தோடு பாலவனத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நான் டிரில்லை எடுத்தேன். வயது நாற்பத்தொன்பது, தொழில் வாத்தியார், செய்த வேலை மாங்காய் திருடுகிறவனைப் போல வாசலைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் ஓட்டை போட்டது. மூன்று ஓட்டை ஒழுங்காக விழுந்தது. ஒன்பது அங்குலச் சுவர் என்ற தைரியத்தில் நான்காவதை அழுத்தினேன். டிரில் சட்டென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கொத்தனார் நாலரை அங்குலத்தில் காரியத்தை முடித்திருக்கிறார். வெளியே இழுத்துவிட்டு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். அண்ணன் வீட்டு நீலச் சுண்ணாம்பு தெரிந்தது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பயாச்சும் போயிச் சொல்லிருங்க. அவுகளாப் பாத்துட்டு வந்து கேட்டா நமக்குத்தான் அசிங்கம்" என்றாள். நாளைக்கு என்றேன். ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பாதி அடைத்து, போல்ட்டுகளை முடுக்கினேன். மேசை அசையவில்லை.

சாயங்காலம் அந்தப் பக்கம் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. கழற்று என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கழற்றத்தான் வேண்டும். வேறு சுவரும் இல்லை, கிட்டாரும் இல்லை. காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தரையில் செங்கல் பொடி கொட்டியிருக்கும், அண்ணி பெருக்கும்போது பார்க்காமலா இருப்பார்? வந்து நாலு திட்டு திட்டிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. பத்து நாள் சுத்தியலையே தொடாமல், இழைப்புளியும் உப்புத்தாளுமாகச் சத்தம் காட்டாமல் வேலை பார்த்தேன்.

கிட்டாரின் முன்பக்கப் பலகையை மெலிதாக்கும்போது விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். மொத்தையாகச் சத்தம் வந்தால் இன்னும் இழைக்கலாம். கணீரென்று வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் பலகை வீண், என்னிடம் இருந்ததோ அது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை காலையில் அதை மேசைமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று தட்டு தட்டுவேன், கேட்பேன், இழைப்பேன், மறுபடி மூன்று தட்டு. சுவரோடு முடுக்கிய மேசை அந்தச் சத்தத்தை அப்படியே சுவருக்குள் கொண்டுபோகும் என்பது இந்தக் கணக்கு வாத்தியாரின் புத்தியில் ஏறவில்லை.

வாசலில் ஆள் நிழல் விழுந்தது. அண்ணன் நின்றிருந்தார். சுவரைப் பார்த்தார், போல்ட்டுகளைப் பார்த்தார்.

"சுவத்தத் தட்டிக் கூப்பிட்டியாக்கும்?" என்றார்.

இல்லை, பலகையைத்தான் தட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

"ஆமாண்ணே" என்றேன்.

"எதுக்கு?"

சுவரைத் துளைத்ததற்கு என்ன சமாதானம் சொல்வது என்று பத்து நாளாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அம்மா விசயத்துல நான் சொன்னது பொய்யிண்ணே. நீங்க தெனமும் வந்தது எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "அத அந்த நாலு பேரு முன்னாலல்ல சொல்லணும்" என்றார். மேசை இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் கிளம்பிப் போய் அந்தப் பெரியவர்களில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதில் ஒருவர், அப்படி ஒரு பேச்சு நடந்ததே தமக்கு ஞாபகம் இல்லை என்றார். நான்காமவர் போன தையிலேயே இறந்துவிட்டிருந்தார். பெற்ற தாயை எட்டிப் பார்க்காதவன் என்றுதான் அவர் கடைசிவரை என் அண்ணனை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.