இடப்பக்கம் சுழன்ற எண்ணூறு வில்லைகள்

அந்தத் தொழிற்சாலையில் அவளைப் ‘பிளேடு அக்கா’ என்பார்கள். பேசி அறுக்கிறவள் என்பதால் அல்ல; பத்தொன்பது வருஷமாகக் கையில் பிளேடோடு உட்கார்ந்திருப்பதால். ஆம்புலன்ஸ் எங்கே போகிறது என்று காட்டும் கருவிக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பீங்கான் வில்லை இருக்கும். அதன் முகத்தில் பூசிய வெள்ளிதான் ஆன்டெனா. அந்த வகைப் பீங்கானில் செய்தால் ஆன்டெனா சின்னதாகிவிடும், கூடவே மகா ரோஷக்காரியாகவும் ஆகிவிடும்: மயிரிழை சுரண்டினால் போதும், அதிர்வெண் எகிறும். மீட்டரைப் பார்த்தபடி ஓரத்தைச் சுரண்டிச் சரியான அளவில் நிறுத்துவது அவள் வேலை. சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அவள் கை தவறியதும் கிடையாது.

அப்படிப்பட்டவளிடம் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். போன மாதம் அனுப்பிய எண்ணூறு வில்லையும் திரும்பி வந்துவிட்டன. ஒன்றுகூடச் செயற்கைக்கோளைப் பிடிக்கவில்லை. ‘அளவுக்கு மீறிச் சுரண்டிக் கெடுத்தது நான்தான்’ என்று டைப் அடித்து, கீழே அவள் பெயரும் போட்டிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“மீட்டர்ல எல்லாம் சரியா இருந்துச்சு சார்.”

“அப்போ பேய் வந்து சுரண்டுச்சா? போட்டா பேக்கிங்குக்கு மாத்திடறேன். போடலேன்னா நாளையோட வீட்டுக்குப் போகலாம்.”

வீட்டில் கணவன் சொன்னான்: “போட்டுத் தொலையேன். பேக்கிங்ல கண்ணாவது மிஞ்சும்.”

கரண்டி பாத்திரத்தில் ணங்கென்று விழுந்தது. “என் பொண்டாட்டி கை தப்பாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது யாரு? நீங்கதானே? இப்போ நானே தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா?”

மறுநாள் காலை, மாதிரிக்கென்று வைத்திருந்த பழைய வில்லையையும் திரும்பி வந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் கம்பி நுழையும் ஊசித் துளை கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பினாள். வெள்ளிச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டை வெட்டியிருப்பார்கள். அலையைச் சுழல வைப்பது அந்த வெட்டுதான். பழையதில் ஒரு ஜோடி மூலை வெட்டுப்பட்டிருந்தது. புதியதில் மற்ற ஜோடி.

அடப்பாவிகளா! வெள்ளியை அச்சடிக்கும் பழைய சட்டத்தின் வலை கிழிந்தபோது, “சீக்கிரம், சீக்கிரம்” என்று மேனேஜர் விரட்டியதில் புதிய சட்டத்தை முன்பின்னாகப் புரட்டி மாட்டியிருக்கிறார்கள். செயற்கைக்கோள் அனுப்புவது வலப்பக்கம் சுழலும் அலை. இந்த எண்ணூறும் பிடிப்பது இடப்பக்கச் சுழலை. மீட்டருக்கு அதிர்வெண்தான் தெரியும், சுழற்சி தெரியாது. அவளுக்குத் தன் மேலும் ஆத்திரம் வந்தது. எண்ணூறும் இந்தக் கை வழியாகத்தானே போனது, மூலையை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

மேனேஜரை மொட்டை மாடிக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். தரையில் பெரிய தகரம் ஒன்றைப் போட்டாள். புதிய வில்லையைச் சோதனைக் கருவியில் மாட்டி வானம் பார்க்கப் பிடித்தபோது, திரையில் செயற்கைக்கோளைக் காட்டும் புள்ளி ஒன்று மினுங்கிவிட்டு அணைந்தது. குப்புறத் திருப்பித் தகரத்தைப் பார்க்கப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, ஆறு என்று புள்ளிகள் வந்து நின்றன.

“கண்ணாடியில வலது கை இடதாத் தெரியும்ல? தகரத்துல பட்டுத் திரும்பினா இந்த அலையும் அப்படித்தான் சார். வில்லை கெட்டுப்போகல. படத்தைத் திருப்பி அடிச்சிருக்கீங்க.”

மேனேஜர் கழுத்தைச் சொறிந்தார். “சரி விடும்மா, போனது போகட்டும். மத்த ரெண்டு மூலையையும் சுரண்டி வலதா மாத்திடேன்.”

“அதிர்வெண் எகிறிடும், ஒண்ணும் தேறாது. எண்ணூறும் குப்பைதான்.” அவள் கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தைக் கைப்பிடிச் சுவரின் மேல் விரித்து, பிளேடை அதன்மேல் வைத்தாள். “உங்களுக்குச் சுரண்டணும்னா, முதல்ல இதுல என் பேரைச் சுரண்டுங்க.”

“என்னம்மா இது...”

“சுரண்டுங்க சார்.”

கோணல்மாணலாகச் சுரண்டினார், காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்தது. கடைசி எழுத்து போகும்வரை அவள் நகரவில்லை.