தவக்கால ஊதா

கொடைக்கானல் பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த என்னை முதலாளி வெப்சைட் செய்ய உட்கார வைத்தார். வட்டக்கானலில் இரண்டு கெஸ்ட் ஹவுஸ்கள்தான் வாடிக்கை. "ஒண்ணு கைவிட்டுப் போனாலும் நீ பழையபடி ஜெராக்ஸுக்குத்தான்" என்றார். பூம்பாறையில் பூண்டு போடும் அப்பாவோ, மகன் கம்ப்யூட்டரில் இருப்பதாக பஸ் கண்டக்டர் வரை சொல்லிவிட்டிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஜெராக்ஸுக்குத் திரும்பினால் அந்தக் கண்டக்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு கெஸ்ட் ஹவுஸ், மிஷன் பள்ளியில் ஓய்வு பெற்ற வாத்தியாருடையது. மற்றது, வருஷா வருஷம் பழனிக்கு மாலை போடும் அண்ணாச்சியுடையது. இருவருக்கும் ஒரே நிபந்தனை: "அவரோடது மாதிரி இருக்கக் கூடாது."

இருந்தது. பட்டன், தேதி குறிக்கும் காலண்டர் எல்லாம் செய்தே வைத்த ஒரு லைப்ரரியை நெட்டில் இறக்கி, இரண்டிலும் அதையே போட்டிருந்தேன். நிறமும் மூலை வளைவும் தீம் என்ற தனி ஃபைலில் இருக்கும். அதை மாற்றினால் மொத்தமும் வேறு சட்டை போட்டுக்கொள்ளும். வாத்தியாருக்கு நீலச் சட்டை, அண்ணாச்சிக்குப் பச்சை.

திருநீற்றுப் புதனன்று வாத்தியார், ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்துக்குச் சர்ச்சில் போடும் ஊதாவைக் கேட்டார். கரண்ட் போய் யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்த அவசரத்தில் ஊதாவை இரண்டு சைட்டிலும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே அண்ணாச்சி போன் செய்தார். "ஏலே, என் பச்சை எங்கல?"

"குறிஞ்சிப் பூ நெறம் அண்ணாச்சி. முருகனுக்கு உகந்தது."

"அட! இதையில்ல மொதல்லயே போட்டிருக்கணும். இனி மாத்திராத!"

மூன்றாம் நாள் வாத்தியார் நேரிலேயே வந்தார். "ஏம்ப்பா, அவரு எப்ப ஞானஸ்நானம் எடுத்தாரு?"

குறிஞ்சி என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. இரண்டு சைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் பார்ப்பது போல் பார்த்தார்.

"ரெண்டு காலண்டரும் திங்கக்கிழமைல ஆரம்பிக்குது. யாரைப் பாத்து யாரு எழுதுனது?"

"ரெண்டும் ஒரே ஆளு சார். சட்டைதான் வேற."

"நெனச்சேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் தொண்டையைச் செருமினார். "ஈஸ்டருக்கு எனக்கு வெள்ளை வேணும். அதுவும் அவருக்குப் போயிருச்சுன்னா என்ன சொல்லுவ?"

"கோடைப் பனின்னு சொல்லிக்கிறேன் சார்."

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா கோபமா என்று தெரியுமுன் முதலாளி உள்ளே வந்துவிட்டார். "என்ன சார், பையன் எதும் தப்புப் பண்ணிட்டானா?"

வாத்தியார் எழுந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. காலண்டர் ஞாயித்துக்கிழமைல ஆரம்பிக்கணும்னு சொல்ல வந்தேன். எனக்கு மட்டும்."